அணையை வகைப்படுத்தும் பொறுப்பு யாருடையது?

கேள்வி: எங்கள் நிறுவனம் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அதன் அணையோடு சேர்த்து வாங்கியுள்ளது. ஓடைப் படுகையிலிருந்து அணையின் உயரம் 9 மீட்டர். நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 12 லட்சம் கன மீட்டர். சிறிய அணை என்பதால் வகைப்படுத்தத் தேவையில்லை என்று முந்தைய உரிமையாளர் சொன்னார். அது சரியா?

பதில்: சரியென்று நம்பி இருந்துவிட வேண்டாம். அணை பாதுகாப்புச் சட்டம், 2021, உயரத்தை ஓடைப் படுகையிலிருந்து அளப்பதில்லை. பொதுவான அடித்தளப் பகுதியின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து அணையின் உச்சி வரை அளக்கிறது. உங்கள் அணையின் அடித்தளம் படுகைக்குக் கீழே ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் உயரம் 10 மீட்டரைத் தாண்டிவிடும். 10 முதல் 15 மீட்டர் வரையுள்ள அணையின் கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், அது அச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. எனவே முதலில் கட்டுமான வரைபடங்களைக் கேட்டுப் பெறுங்கள்; கிடைக்காவிட்டால் தகுதியுள்ள பொறியாளரைக் கொண்டு அடித்தளத்தைக் கண்டறியுங்கள்.

வகைப்படுத்தும் அதிகாரம் மாநில அணை பாதுகாப்பு அமைப்பிடம் இருக்கிறது, உரிமையாளரிடம் அல்ல. ஆனால் அந்த முடிவுக்குத் தேவையான தகவல்களைத் தர வேண்டியவர் நீங்கள்தான். அணையின் பலவீனத்தை மட்டுமன்றி, அது உடைந்தால் கீழே நேரும் பாதிப்பையும் பார்த்தே வகை தீர்மானிக்கப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விரிசலே இல்லாத அணையும், கீழ்ப்பகுதியில் குடியிருப்புகள் பெருகியிருந்தால், அபாயம் மிகுந்த வகையில் சேரலாம். ஆகவே அணை கட்டப்பட்ட காலத்தின் நிலவரத்தை அல்ல, இன்று கீழே எவரெல்லாம் வாழ்கிறார்கள் என்பதைக் கணக்கெடுத்து அந்த அமைப்புக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். இதை வெறும் காகித வேலையாகக் கருதாதீர்கள். அங்கே உறங்குபவர்களின் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அணை சட்டத்துக்குள் வருமானால், பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும். அணை பாதுகாப்புப் பிரிவும் அமைக்க வேண்டும். சட்டம் 2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் முதல் இடர் மதிப்பீடும், அவசரகாலச் செயல்திட்டமும், தனிப்பட்ட வல்லுநர் குழுவின் விரிவான பாதுகாப்பு மதிப்பாய்வும் முடிந்திருக்க வேண்டும். புதிய உரிமையாளர் என்பதால் இந்தக் காலக்கெடு உங்களுக்காக மீண்டும் தொடங்காது. தக்க காரணமின்றி, இச்சட்டத்தின்படி தரப்படும் உத்தரவுக்கு இணங்க மறுத்தால் ஓராண்டு வரையும், அதனால் உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். குற்றமிழைத்தது நிறுவனமானால், அதன் நடத்தைக்குப் பொறுப்பானவர்களும் விசாரணைக்கு உள்ளாவார்கள்.

அளவீட்டில் உயரம் 10 மீட்டரை எட்டவில்லையென்றாலும், தேக்கிய நீரால் பிறருக்கு நேரும் சேதத்துக்கு நீங்கள் பொதுச் சட்டத்தின் கீழ் பொறுப்பேற்க நேரலாம் என்பதால், அளவீட்டு அறிக்கையைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.