தினமும் மேற்கோள்கள் படித்தும் மாலைக்குள் மறந்துவிடுகிறது. உங்கள் வாழ்க்கையில் நிஜமாகவே உதவிய மேற்கோள் எது?

இந்தக் கேள்வியைக் கடந்துபோய்விடத்தான் நினைத்தேன். பிடித்த மேற்கோள் என்று கேட்டால் ஆளுக்குப் பத்து வரி எழுதிவிடுவார்கள், அதில் நான் புதிதாக என்ன சொல்லப்போகிறேன் என்று தோன்றியது. ஆனால் கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. "காலையில் படிக்கும் பொன்மொழியை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்புகிறேன், யாரும் ஒரு பதில்கூடப் போடுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நேராக என் பழைய புண்ணில் போய்ப் பட்டது.

நீங்கள் ஏதோ தேர்வுக்குப் படிப்பவராகவோ வேலையில் சோர்ந்துபோனவராகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள். மனது நிறைந்திருக்கிற நாளில் நான் ஒருமுறைகூடப் பொன்மொழி தேடிப் போனதில்லை, அதை வைத்துச் சொல்கிறேன்.

எனக்கும் அதே பழக்கம் இருந்தது. பள்ளி நாளிலிருந்து ஒரு நோட்டு வைத்திருந்தேன். கண்ணில் பட்ட நல்ல வரியையெல்லாம் அதில் எழுதுவேன். எழுதுவதோடு நில்லாமல், யாராவது கலங்கி நின்றால் அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்வேன். ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரி என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

என் தம்பி ஒரு போட்டித் தேர்வுக்கு மூன்று வருடம் படித்தான். அவன் மேசைக்கு நேர் மேலே, தலை நிமிர்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி, ஒரு வெள்ளை அட்டையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு குறளை எழுதி நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினேன்.

தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
மெய்வருத்தக் கூலி தரும்.

முதல் முறை தேறவில்லை. அட்டையைக் காட்டி, "இன்னும் உழைச்சா கிடைச்சிடும்டா" என்றேன். இரண்டாம் முறையும் தேறவில்லை. அப்போதும் அட்டையைத்தான் காட்டினேன். மூன்றாம் முறை நான்கே மதிப்பெண்ணில் போனது. அன்று மாலை அவன் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே போய் விளக்கைப் போட்டு, அவன் தோளில் கைவைத்து, "முயற்சி என்னைக்கும் வீண்போகாதுடா" என்று ஆரம்பித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அந்த அட்டையைப் பார்த்தபடி கேட்டான்.

"மூணு வருஷம் ஆச்சுக்கா. என் கூலி எங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அவன் எழுந்து அட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். டேப்போடு சுவரின் பெயின்டும் நான்கு இடத்தில் பெயர்ந்து வந்தது. கிழிக்கக்கூட இல்லை, மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குறளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். குறை என்னுடையது. அந்தக் குறள் என்ன சொல்கிறது என்று படிக்காமலேயே அவன் தலைக்கு மேல் மாட்டியிருந்தேன். பரிமேலழகர் உரையைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். கருதிய பயன் கிடைக்காமல் போனாலும், உடம்பு வருந்திய அளவுக்குக் கூலி உண்டு, உழைப்பு பாழாகாது என்கிறார். நினைத்தது கைகூடும் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கைகூடாமல் போகலாம் என்பதைத்தான் குறள் முதல் அடியிலேயே சொல்லிவிடுகிறதே! தேர்ச்சி நிச்சயம் என்று வாக்குக் கொடுத்தது நான். வள்ளுவர் பெயரில் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் என் முறை வந்தது.

ஒருநாள் காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வாயில் நிற்கவில்லை, வலது ஓரமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வலது கண் மூடவில்லை, வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. பக்கவாதம் என்று நினைத்து அழுதுகொண்டே மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் புருவத்தைத் தூக்கச் சொன்னார். நெற்றியில் இடது பக்கம் மட்டும் சுருக்கம் விழுந்தது. பக்கவாதமாக இருந்தால் பெரும்பாலும் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்குமாம். கையும் காலும் பேச்சும் நன்றாக இருந்ததையும் சோதித்துவிட்டு, இது பெல்ஸ் பால்சி, முக நரம்பு வீங்கி வருகிற முகவாதம், முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடும் என்றார். முதல் மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தால் நல்லது என்று உடனே எழுதிக் கொடுத்தார். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் கண்ணாடி முன் நின்று நெற்றியைச் சுருக்கிப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். முகம் கோணினால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.)

செய்தி பரவியதும் கைபேசி நிரம்பிவிட்டது. மலர்ப் படம், சூரிய உதயப் படம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பொன்மொழி. அவற்றில் அதிகம் வந்தது இது.

இடுக்கண் வருங்கால் நகுக அதனை
அடுத்தூர்வது அஃதொப்ப தில்.

துன்பம் வரும்போது சிரி என்கிறார்கள். எனக்கோ சிரிக்க முகமே இல்லை. சிரிக்கப் போனால் பாதி முகம் அசையும், மீதி அப்படியே நிற்கும். அனுப்பியவர்கள் எல்லாரும் என்மேல் அன்புள்ளவர்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இருந்தும் அந்தக் குறளைப் படித்தபோது நெஞ்சில் கல் விழுந்த மாதிரி இருந்தது. தம்பிக்கு அந்த அட்டை எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரிமேலழகர் அந்த 'நகுக'வுக்கு 'உள் மகிழ்க' என்று உரை எழுதியிருக்கிறார். உள்ளுக்குள் நடக்க வேண்டியதை இன்னொருவர் வெளியிலிருந்து எப்படி அனுப்பி வைக்க முடியும்?

ஒரு தோழி, "உன்னைக் கொல்லாதது உன்னை வலிமையாக்கும்" என்று அனுப்பினாள். கீழே நீட்சே என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் ஒருவரின் பெயர் போட்டிருந்தது. படுத்தே கிடந்ததால் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் அதை எழுதியது 1888-இல். 1889 ஜனவரியில் இத்தாலியின் டூரின் நகரில் மனம் சிதைந்து விழுந்தவர், 1900-இல் இறக்கும்வரை முதலில் மனநல மருத்துவமனையிலும், பிறகு தாயின் பராமரிப்பிலும், அதன்பின் தங்கையின் பராமரிப்பிலும் இருந்தார். அதன்பிறகு ஒரு நூலும் எழுதவில்லை. இதைச் சொல்லி அவர் வரி பொய் என்று வாதாட வரவில்லை. என்னை நிறுத்தியது வேறொன்று. மூலத்தில் அவர் எழுதியிருப்பது "என்னைக் கொல்லாதது என்னை வலிமையாக்குகிறது" என்றுதான். அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தபோது அந்த 'என்னை', 'உன்னை'யாகிவிட்டது.

நீங்கள் கேள்வியில் காந்தி சொன்னதாகப் போட்டிருக்கும் வரிக்கும் இதே கதிதான். "உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்று அவர் எழுதிய இடம் எதையும் யாரும் காட்டியதில்லை. 1913-இல், தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திவந்த இந்தியன் ஒப்பீனியன் இதழில், உடல்நலம் பற்றி எழுதிவந்த தொடரில், நம்மை நாம் மாற்றிக்கொண்டால் உலகத்தின் போக்கும் மாறும், பிறர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அங்கே 'நாம்' இருந்தது. அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டார். பரவும்போது அதுவும் 'நீ' ஆகிவிட்டது. மார்கஸ் அரேலியஸின் குறிப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் 'நீ' வரும். விடிகாலையில் எழ மனமில்லாதபோது இதை நினைத்துக்கொள் என்றுகூட ஓரிடத்தில் வருகிறது. ரோமாபுரியின் பேரரசர் அங்கே அதட்டுவது தன்னைத்தான். பிறர் படிப்பதற்காக எழுதிய குறிப்புகளே அல்ல அவை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்கு இதனோடு சம்பந்தமில்லை என்றாலும். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், வருகிறவர்களை நேரில் சந்தித்துப் பேசும் பொறுப்பு என்னுடையது. வாசலில் நுழைந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டு, "ஊழியர்களே எங்கள் சொத்து" என்று எழுதி மாட்டியிருப்பார்கள். இரண்டு வாரம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியதும் மேலாளர் கூப்பிட்டு, "முகம் சரியாகுற வரைக்கும் உள்ளே ஃபைல் வேலை பாருங்கம்மா, வர்றவங்க சங்கடப்படுறாங்க" என்றார். சரி என்றேன். முகம் சரியான பிறகும் என் பழைய இருக்கையை எனக்குத் தரவில்லை. கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள். ஒரு வருடம் பார்த்துவிட்டு வேறு வேலை தேடிக்கொண்டேன். அந்தச் சட்டத்தைத் தினமும் தாண்டிப் போய்த்தான் உள்ளறைக்குப் போக வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, தம்பியிடம் வருகிறேன்.

மூடாத கண் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, இரவில் களிம்பு போட்டு இமையை இழுத்து மூடி மருத்துவ டேப் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். களிம்பு போட்டதும் பார்வை மங்கும், விரல் வழுக்கும். முதல் இரண்டு இரவும் கண்ணாடி முன் நின்று நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மூன்றாம் இரவு தம்பி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் சொல்லாமல் உள்ளே வந்து என் கையிலிருந்து டேப்பை வாங்கினான். ஒரு துண்டு கிழித்து, முதலில் தன் புறங்கையில் ஒட்டி எடுத்தான். பசை கொஞ்சம் குறைந்தால் இமை வலிக்காது என்று அவனாகக் கண்டுபிடித்திருக்கிறான். பிறகு என் இமையை மெதுவாக இறக்கி ஒட்டினான். காலையில் வந்து, தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஓரத்தை ஈரமாக்கி, ஒரு முடிகூட இழுபடாமல் பிரித்தெடுத்தான். எனக்குக் கண் மூடும்வரை, ஏறக்குறைய ஐந்து வாரம், ஒரு நாள் தவறாமல் செய்தான். அந்த ஐந்து வாரத்தில் அவன் எனக்கு ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை.

முகத்துக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து புருவத்தைத் தூக்க வேண்டும், மூக்கைச் சுருக்க வேண்டும், கன்னத்தை உப்ப வேண்டும், 'ஈ', 'ஊ' என்று உதட்டை இழுத்துக் குவிக்க வேண்டும். மூன்று வாரம் எதுவும் அசையவில்லை. நான்காம் வாரத்தில் ஒருநாள் 'ஈ' சொல்லும்போது வலது உதட்டோரம் ஒரு நூல் அளவு மேலே போய் வந்தது. பிரமையோ என்று மறுபடி சொன்னேன், மறுபடி போய் வந்தது. பின்னால் நின்றிருந்த தம்பியும் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, இன்னைக்குக் கொஞ்சம் கூலி வந்திருக்கு" என்றான்.

அந்தப் பாதி முகத்தோடு சிரித்தேன். டேப் ஒட்டுகிற கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. அட்டையைப் பற்றி நாங்கள் அன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசியதில்லை. அவன் அந்தத் தேர்வை அதோடு விட்டுவிட்டான். வேறு வேலைக்குப் போய் நன்றாக இருக்கிறான். விடாமல் முயன்றிருந்தால் நான்காம் முறை தேறியிருப்பான் என்று யாராவது எழுதுவீர்கள். இருக்கலாம். ஆனால் அதை அவனிடம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எனக்கு நிஜமாகவே உதவிய மேற்கோள் 788-ஆம் குறள்.

உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே
இடுக்கண் களைவதாம் நட்பு.

உடுத்த துணி நழுவினால் கை தானாகப் போய்ப் பிடிக்கிறது. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, கையும் எதையும் பேசுவதில்லை. நட்பைப் பற்றிய குறள் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது அதில் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. புறங்கையில் டேப்பை ஒட்டி எடுக்கிற ஒரு கையைப் பார்த்த பிறகு, எனக்கு அந்தக் குறளை மறக்க வழியே இல்லை.

காலையில் படித்தது மாலைக்குள் மறந்துவிடுகிறது என்று வருந்துகிறீர்கள். மறந்தால் மறக்கட்டும் என்றே சொல்வேன். பத்து வரிகளைத் துரத்தாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, உரை என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'நீ' என்று இருந்தால் அந்த இடத்தில் 'நான்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் அது நிற்கிறதென்றால் உங்களிடம் தங்கும். நண்பர்களுக்கு அனுப்புவதைச் சில நாள் நிறுத்திவிட்டு, "எப்படி இருக்கே?" என்று மட்டும் கேட்டு அனுப்புங்கள். அதற்குப் பதில் வரும்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்போல வரிகளைச் சேர்ப்பதில்லை. ஏதாவது ஒரு வரி என் நாளில் உண்மையாகவே குறுக்கிட்டால், அதற்குப் பக்கத்தில் தேதியை மட்டும் எழுதிவைக்கிறேன். 788-க்கு எதிரில் முப்பத்தைந்து தேதிகள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பக்கத்தில்தான் நான்கு மூலையிலும் பெயின்ட் ஒட்டிய அந்த அட்டையையும் மடித்து வைத்திருக்கிறேன்.