முட்டிக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி: நானும் நண்பரும் யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் இருபரிமாண பிளாட்ஃபார்மர் (மேடைக்கு மேடை தாவிச் செல்லும்) விளையாட்டு ஒன்றை உருவாக்கியிருக்கிறோம். ஒரே திரையில் இருவர் ஆடும்போது நன்றாக இருக்கிறது. இணையத்தில் ஆடினால், பொத்தானை அழுத்திச் சற்றுக் கழித்தே பாத்திரம் தாவுகிறது. நகரும் மேடையில் நிற்கும் மற்றவர் நடுங்குகிறார். வேகமான சர்வர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

விநாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) ஓடும் ஆட்டத்தில், ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லிவிநாடி. செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப 100 மில்லிவிநாடி பிடித்தால் ஆறு ஃபிரேம் போயிற்று. செய்தியைச் சுமக்கும் கண்ணாடி இழைக்குள் ஒளியே மில்லிவிநாடிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான் ஓடும்; சர்வர் எவ்வளவு வேகமானாலும் அந்தப் பயண நேரம் குறையாது. ஊர்களைக் கைப்பற்றும் வியூக விளையாட்டில் ஆறு ஃபிரேமை யாரும் கவனிக்க மாட்டார்கள். பள்ளத்தின் விளிம்பில் நிற்பவருக்கு அது உயிர்.

ஆகவே உங்கள் தாவல் சர்வரின் அனுமதிக்குக் காத்திராமல் உங்கள் கணினியிலேயே உடனே நடக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது: நீங்கள் நிகழ்காலத்தில் இருக்கிறீர்கள், திரையில் தெரியும் நண்பரோ, அவர் செய்தி தாமதமாக வருவதால், கடந்தகாலத்தில் இருக்கிறார். அவர் தலைமேல் நீங்கள் குதித்தால் எந்தக் காலத்துத் தலை?

2019இல் வந்த 'சூப்பர் மாரியோ மேக்கர் 2' இணைய ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் மிதிக்கலாம், தூக்கி எறியலாம். ஆனால் இணைப்பு தள்ளாடினால் ஆட்டமே திக்கித் திணறியது. 2023இன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஒண்டர்' வேறு வழியில் போனது. இணையத்தில் வரும் பிறர் வெறும் நிழல்கள். உங்களை இடிக்க மாட்டார்கள். ஆனால் செத்து ஆவியானவர் நிழலைத் தொட்டால் பிழைத்துக்கொள்கிறார். சற்றுத் தாமதமாகத் தெரிந்தாலும் கெடாத உறவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம்.

இல்லை, இடித்துத் தள்ளுவதுதான் எங்கள் விளையாட்டே என்றால் சண்டை விளையாட்டுகளின் 'ரோல்பேக்' முறைக்குப் போக வேண்டும். நண்பர் என்ன அழுத்துவார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டுகிறீர்கள். ஊகம் பொய்த்தால் பழைய நிலைக்குத் திரும்பி, இடைப்பட்ட ஆறு ஃபிரேமையும் 16.7 மில்லிவிநாடிக்குள் மறுபடி கணக்கிடுகிறீர்கள். இதற்கு ஒரே உள்ளீடு இரு கணினியிலும் இம்மி பிசகாமல் ஒரே விளைவைத் தர வேண்டும். யூனிட்டியில் உள்ள இயற்பியல் கணக்கீட்டை அதற்கு நம்ப முடியாது. தாவலையும் மோதலையும் முழு எண்களில் நீங்களே எழுத வேண்டியிருக்கும். இருவர் மட்டுமே உள்ள குழுவுக்கு நிழல் வழிதான் என் பரிந்துரை. ஆட்டத்தில் ஒரே காசை இருவரும் எடுத்தால் இருவருக்குமே கொடுத்துவிடுங்கள், சண்டை தீர்ந்தது.

மேடை நடுக்கத்துக்கு மருந்து எளிது. மேடை இருக்கும் இடத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள். பொதுவான ஃபிரேம் எண்ணிலிருந்து ஒவ்வொரு கணினியும் அதைத் தானே கணக்கிடட்டும். மேடைமேல் நிற்கும் நண்பரின் இடத்தை ஆட்ட உலகம் முழுவதற்குமான அளவில் அனுப்பாமல், 'மூன்றாம் மேடை, இடது ஓரத்திலிருந்து இவ்வளவு தூரம்' என்று அனுப்புங்கள்.

இவற்றையெல்லாம் வீட்டு வைஃபையில் சோதித்துவிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். விண்டோஸில் 'கிளம்சி' என்ற இலவசக் கருவி செயற்கையாகத் தாமதம் உண்டாக்கும். 150 மில்லிவிநாடித் தாமதமும் 2 விழுக்காடு பாக்கெட் இழப்பும் (வழியில் தொலைந்துபோகும் செய்தித் துண்டுகள்) வைத்து, உங்கள் ஆட்டத்தின் மிகக் கடினமான கட்டத்தை ஆடிப் பாருங்கள்.