பாரின் உச்சியில் விதைத்த தட்டைப்பயறு கருகினால் ரகத்தை மாற்ற வேண்டுமா?

ரகத்தை மாற்ற வேண்டாம், விதைக்கும் இடத்தை மாற்றுங்கள். பார் உச்சியில், அதாவது சால்களுக்கு இடையே உயர்த்திய மேட்டின் மேல் ஊன்றியதாகவும், முளைத்து இரண்டு வாரத்தில் இலை ஓரம் கருகுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சாலில் பாயும் நீர் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பு முழுக்க அந்த உச்சியில்தான் படியும், இளஞ்செடிக்கு அது தாங்காது. பாரின் சரிவில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஊன்றிப் பாருங்கள்.

அதற்கு முன் உச்சி மண்ணையும் சரிவு மண்ணையும் தனித்தனியாக எடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பார்த்துவிடுங்கள். தட்டைப்பயறு மீட்டருக்கு ஏறக்குறைய 5 டெசிசீமன்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) வரை விளைச்சல் குறையாமல் தாங்கும், பீன்ஸ் 1-ஐத் தாண்டினாலே சுணங்கும். ஆனால் இந்த எண்கள் நிறைவுற்ற மண்கூழ்ச் சாற்றுக்கு, அதாவது மண்ணை நீர் நிரம்பும் அளவுக்குக் குழைத்து வடித்த சாற்றுக்கு உரியவை. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து அளந்தால் குறைவாகவே காட்டும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள் (நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள்).

அப்புறம், பிழைத்த செடி ஒன்றைப் பிடுங்கி வேர்முடிச்சை நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் செடிக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் சேரவில்லை.

ஒன்று மட்டும்: கிணற்றிலேயே கடல்நீர் புகுந்திருந்தால் இதெல்லாம் பலிக்காது. பாசன நீரையும் சோதியுங்கள். அதுவும் உப்பென்றால் பயறை விட்டுவிட்டு, மழைக்காலத்தில் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுவதுதான் சரி.