மூச்சுப் பயிற்சியில் தலைசுற்றலா? இழுப்பதைக் குறையுங்கள்

படுத்ததும் படபடப்பு வருகிறது, ஆழமாக மூச்சிழுத்தால் தலைசுற்றி விரல்நுனி மரத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "நல்லா இழுத்து விடு" என்ற அறிவுரைதான் இங்கே வில்லன். பெரிது பெரிதாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தலைசுற்றல் அதனால்தான்.

நிதானம் வருவது வெளிமூச்சில். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து வந்து இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு சற்றுக் குறையும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள், பலருக்கு அந்த மாற்றம் விரலிலேயே தெரியும்.

முதலில் உள்ளே இருக்கும் காற்றை விடுங்கள். பிறகு மூக்கால், சாதாரண அளவுக்கே, 4 விநாடி இழுங்கள். தோள் உயர்ந்தால் அது அதிகம். உதட்டைக் குவித்து 6 விநாடி விடுங்கள். எதிரே மெழுகுவர்த்தி இருந்தால் சுடர் அசைய வேண்டும், அணையக் கூடாது. நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம் போதும். ஆரம்பத்தில் திணறினால் 3 இழுத்து 4 விடுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கடைசித் துளி வரை வயிற்றைப் பிழிந்து காற்றை வெளியேற்றுவது. அடுத்த மூச்சு ஆவேசமாக உள்ளே பாயும், மறுபடி பழைய கதைதான். இன்னும் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும்போதே நிறுத்துங்கள்.

எண்ணுவதே எரிச்சலாக இருந்தால் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகியபடி விடலாம். யோகாவில் பிராமரி என்று சொல்லும் மூச்சுப் பயிற்சி அதுதான், மூச்சு தானாக நீளும். பகலில் நாலைந்து நாள் பழகிவிட்டு இரவில் செய்யுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ சேர்ந்து வந்தால் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.