முதல் நாவலைப் பற்றித் தினமும் பதிவு போடுவது தற்பெருமையா?

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக நீங்கள் எழுதிய முதல் நாவல் வந்திருக்கிறது, தினமும் பேஸ்புக்கில் அதைப் பற்றி எழுதுகிறீர்கள், "ஒரு புத்தகத்துக்கா இவ்வளவு அலப்பறை?" என்று நண்பர்களே கேலி செய்கிறார்கள், நிறுத்திவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். கேலி செய்பவர்கள் அநேகமாகப் புத்தகத்தை வாங்காதவர்களாகத்தான் இருப்பார்கள். நானும் உங்களைப் போல ஒரே ஒரு இளையோர் நாவல் எழுதியவள்தான், அதனால் கொஞ்சம் சூடாகவே பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கோவில்பட்டி. வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாய் தெரியும். எங்களுக்கு அதைவிட ஹாக்கி பெரிது. இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பையன். நானும் பள்ளியில் ஹாஃப் பேக் ஆடினேன். என் நாவல் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு ஹாக்கிக்காரியின் கதை. ஆனால் எங்கள் வட்டாரத்தில் எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. கி.ரா., பூமணி, சோ.தர்மன் என்று சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர்களே மூன்று பேர் இந்தப் பக்கம். கோவில்பட்டியிலிருந்து நாவல் என்றால் கரிசல் காடும் மழை பொய்த்த வருஷமும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் ஹாக்கியில் கோல் அடிக்கக் கிடைக்கும் பெனால்டி கார்னர் வாய்ப்பை எழுதி வைத்திருந்தேன். ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தாயி. அடுத்தது பெரியவங்களுக்கு எழுது" என்றார். பாராட்டா, ஆறுதலா என்று இன்றுவரை தெரியவில்லை.

முதல் வெளியீடு ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், அரங்கு வாசலில் நாலு பேர் வரிசையாக நிற்க, ஒருவர் வெளியிட, ஒருவர் பெற்றுக்கொள்ள, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அடுத்த புத்தகக்காரர்கள் பின்னால் வந்து நிற்பார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் படத்தைப் பிறகு பார்த்தபோது, என்னைச் சுற்றி நிற்பவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே யாருமே இல்லை. புத்தகம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வயதில் ஒரு முகம் கிடையாது.

அதனால் ஊரில் இன்னொரு வெளியீடு வைத்தேன், ஹாக்கி மைதானத்தில். மாலைப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் ஷின் பேடைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்கள். கோல்கீப்பர் வெளியிட்டாள், அணியிலேயே சின்னவள் பெற்றுக்கொண்டாள். பொன்னாடை கிடையாது, டீயும் சேவும் மட்டும். "எம்.எல்.ஏ.வைக் கூப்பிடலையா? சீஃப் கெஸ்ட் இல்லாம என்ன ஃபங்ஷன்?" என்று பெரியப்பா கடைசிவரை முணுமுணுத்தார்.

நான் ஒரு அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது கோல்கீப்பர் பாதியில் கையைத் தூக்கினாள். "அக்கா, அப்படி அடிச்சா பேக் ஸ்டிக்கு. அம்பயர் விசில் அடிச்சிருவாரு." மட்டையின் பின்பக்கத்தால் பந்தை அடிப்பதுதான் பேக் ஸ்டிக், ஹாக்கியில் அது தப்பு. அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன், முதல் வரியிலேயே விசில். எல்லோரும் கைதட்டினார்கள். எந்த விமர்சகரும் என்னை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. அன்றைக்கு இரவே அவள் கோல்கீப்பர் ஹெல்மெட்டோடு புத்தகத்தைப் பிடித்தபடி இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல்ஸ் போட்டாள். அதைப் பார்த்துவிட்டு வெளியூர் விளையாட்டு விடுதிப் பிள்ளைகள் புத்தகம் கேட்டார்கள். நான் பேஸ்புக்கில் எழுதிய நீள நீளமான பதிவுகளைப் பார்த்து அந்த வயதில் ஒருவர்கூட வந்ததாக ஞாபகம் இல்லை. உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். பதிவைக் குறைக்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை பேஸ்புக்கில் இருக்காது, அதன் அம்மாதான் இருப்பார்.

"இலக்கியம் என்ன சோப்பா, கூவி விற்க? நல்ல எழுத்தை வாசகன் தேடி வருவான்" என்று கீழே யாராவது எழுதப் போகிறீர்கள், தெரியும். பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது கல்கி பத்திரிகை. ஆசிரியரின் சொந்தப் பத்திரிகை. படமும் போட்டு, 'தொடரும்' என்றும் போட்டு, அடுத்த வாரம் வரைக்கும் ஏங்க வைத்தது. அதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா? அந்த வார இதழே இப்போது அச்சில் வருவதில்லை. பதின்வயதுக்காரர்களுக்குத் தொடர்கதை போட இன்று எத்தனை பத்திரிகை இருக்கிறது, சொல்லுங்கள். அன்று பத்திரிகை அடித்த தம்பட்டத்தை இன்று எழுதியவரே அடிக்க வேண்டியிருக்கிறது.

பணத்துக்காக என்றும் நினைக்க வேண்டாம். விலை 180 ரூபாய், எனக்கு 10 சதவீத ராயல்டி, ஒரு பிரதிக்கு 18 ரூபாய். முதல் அச்சே 300 பிரதிதான். எல்லாம் விற்றாலும் 5,400 ரூபாய். ஆனால் 300 பிள்ளைகள் என்பது கிட்டத்தட்ட ஒரு பள்ளிக்கூடம்.

சொந்தக்காரர்கள் இலவசமாகக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பெரியப்பாவுக்கே நான் கொடுக்கவில்லை. மதினி மட்டும் காசு கொடுத்து ஐந்து வாங்கினார். அதில் ஒன்றை, பெண் பெரியவளானதற்குச் சடங்கு வைத்த ஒரு வீட்டில் எவர்சில்வர் குடத்தோடு சேர்த்துப் பரிசாக வைத்துவிட்டார். சடங்கு முடிந்த கையோடு ஒரு பெண்ணை மைதானத்துக்கு அனுப்ப மறுப்பதுதான் என் நாவலின் ஏழாம் அத்தியாயம். அந்த வீட்டில் யாராவது படித்தார்களா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வாயில் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? கால அட்டவணையில் விளையாட்டு என்று இருக்கும், கரும்பலகையில் திரிகோணமிதி இருக்கும். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. விளையாட விட்டால்தானே அதற்கு ஆள் வரும்? எங்கள் அணியில் என்னைவிட நன்றாக ஆடியவர்கள் எல்லாம் பத்தாம் வகுப்போடு மட்டையை வைத்துவிட்டார்கள். வாத்தியார்கள் சண்டைக்கு வர வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை. பி.டி. பீரியடை விட்டுக்கொடுக்காத பி.டி. மாஸ்டர்களும் இருக்கிறார்கள், என் நாவலில் ஒருவர் வருகிறார்.

நாவலின் பெயர் என் முகப்புப் பக்கத்தில் இருக்கிறது. ஆமாம், இதுவும் விளம்பரம்தான்.

உங்கள் கேள்வியில் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், புத்தகத்தின் பெயரை மட்டும் போடவில்லை. கமெண்ட்டில் பெயரையும் விலையையும், பணம் அனுப்ப வேண்டிய இடத்தையும் போடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பிரதி வேண்டும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.