உதட்டில் ஷாக், கம்பியில் துரு: பேஸ் கிடார் கேள்வி-பதில்

பேஸ் வாசிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழு இங்கே. முதல் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் அதற்குத்தான் இடம் அதிகம்.

கேள்வி: கோயில் கொடை மேடைகளில் பேஸ் வாசித்துக்கொண்டே கோரஸும் பாடுகிறேன். சில ஊர்களில் உதடு மைக்கில் பட்டதும் சுரீரென்று இழுக்கிறது. மைக்கை மாற்றியும் போகவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரர், "லேசான எர்த்துதான், ஒண்ணும் ஆகாது" என்கிறார். அப்படி விட்டுவிடலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

விடவே கூடாது. இழுப்பது மைக் அல்ல. மைக்குக்கும் உங்கள் ஆம்புக்கும் (பேஸின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) இடையே உள்ள வோல்டேஜ். பேஸின் கம்பிகள், அவை வந்து முடியும் உலோகத் தாங்கியான பிரிட்ஜில் இருக்கும் ஒயர் வழியாகவும் கேபிளின் மேலுறை வழியாகவும் ஆம்பின் உடலோடு சேர்ந்திருக்கின்றன. மைக்கின் வலைத்தலை அதே மாதிரி மிக்ஸரின் உடலோடு சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் சரியான எர்த் இருந்தால் நடுவில் வோல்டேஜ் இருக்காது. ஒன்றுக்கு எர்த் அறுந்திருந்தால், கையில் கம்பியும் உதட்டில் மைக்குமாக நிற்கிற நீங்கள்தான் ஒயர்.

எர்த் இல்லாத ஆம்பின் உடலில், உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிற மின்சாரம் சுரீர் என்று மட்டும் இழுக்கும். உள்ளே ஒயரின் இன்சுலேஷன் கெட்டுப்போய் ஃபேஸ் நேராக உடலைத் தொட்டிருந்தால் ஆளைக் கொல்லும். எது எது என்று உதட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மல்டிமீட்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏசி வோல்டேஜில், 600 அல்லது 750 ரேஞ்சில் வைத்து, ஒரு முனையை மைக் வலையிலும் மறு முனையை பேஸின் பிரிட்ஜிலும் வையுங்கள். விரல் உலோகத்தில் படக் கூடாது. ஓரிரு வோல்ட் காட்டினால் பரவாயில்லை. 30, 60, 110 என்று ஏறினால் அதைச் சரிசெய்யும் வரை வாசிக்காதீர்கள்.

அடுத்து, ஆம்ப் சொருகியிருக்கும் பிளக் பாயிண்ட். இதை எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் எண்களை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஃபேஸ்-எர்த் அளவு நிலையில்லாமல் ஆடினாலோ, பாதியாகக் காட்டினாலோ அங்கே எர்த் இல்லை.

பல மேடைகளில் குற்றவாளி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். மேலே மூன்று ஓட்டை இருக்கும். ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு ஒயர்தான் வந்திருக்கும், எர்த்துக்கான பெரிய ஓட்டையின் பித்தளைத் தகட்டில் எதுவுமே மாட்டியிருக்காது. ஆகவே சொந்தமாக ஒன்று செய்துகொள்ளுங்கள்: 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் ஒயர், 15 மீட்டர், முனையில் நல்ல பாக்ஸ். அதை மிக்ஸர் எந்த போர்டிலிருந்து கரண்ட் எடுக்கிறதோ அதே போர்டில் சொருகி மேடைக்குக் கொண்டுவாருங்கள். மேடையின் இடப்பக்கம் ஒரு ஃபேஸ், மிக்ஸர் பக்கம் வேறொரு ஃபேஸ் என்று இருக்கும் மண்டபங்களில் இரண்டுக்கும் நடுவே சுமார் 400 வோல்ட் நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். அந்த ஒயரின் தொடக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அறுக்கும் சுவிட்ச்) ஒன்றை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளுங்கள். ஃபேஸ் உங்கள் உடல் வழியாக மண்ணுக்கு இறங்கப் பார்த்தால் அது கண நேரத்தில் அறுத்துவிடும். ஜெனரேட்டரில் ஓடும் நிகழ்ச்சி என்றால், எர்த் ராடு தரையில் அடித்து ஒயர் மாட்டியிருக்கிறார்களா என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பேஸுக்கு ஒயர்லெஸ் போட்டால் கம்பிக்கும் ஆம்புக்கும் இருந்த தொடர்பே அறுந்துவிடும், உதட்டு ஷாக் நிற்கும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போடுவதும் கொஞ்சம் உதவும். இரண்டும் எர்த்துக்கு மாற்று அல்ல. ஸ்பீக்கரில் வரும் ஹம் என்ற இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிற வழக்கம் மட்டும் எந்த மேடையிலும் வேண்டாம். ஹம் சத்தத்துக்கு டிஐ பாக்ஸில் (பேஸை மிக்ஸரோடு சேர்க்கும் சிறு பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. அது ஆடியோ கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது.

கேள்வி: இன்னிசைக் குழுவில் 4 ஸ்ட்ரிங் பேஸ் வாசிக்கிறேன். பாடகருக்குத் தகுந்தபடி கட்டை மாறிக்கொண்டே இருக்கிறது. 5 ஸ்ட்ரிங் வாங்கச் சொல்கிறார்கள். அவசியமா?
(வாசகர், மதுரை)

உங்களைப் போல இன்னிசைக் குழுவில் இருப்பவருக்கு அவசியம் என்றே சொல்வேன். காரணம் கட்டை, அதாவது பாட்டின் சுருதிக் கணக்கிலேயே இருக்கிறது. 1 கட்டை சி, 2 கட்டை டி, 3 கட்டை ஈ. நான்கு ஸ்ட்ரிங் பேஸின் அடிமட்டம் ஈ. ஆகவே பாட்டு 1, 1½, 2, 2½ கட்டையில் இருந்தால், கீழ் சட்ஜம் உங்கள் பேஸில் கிடையாது. ஏ ஸ்ட்ரிங்கில் மேல் ஸ்தாயியில் எடுக்க வேண்டும். பாட்டு 3 கட்டையில் கனமாக இருந்து, பாடகர் "அரைக் கட்டை இறக்குங்க" என்றதும் பேஸ் ஒரு ஸ்தாயி எகிறி மெலிந்துபோவது இதனால்தான்.

5 ஸ்ட்ரிங்கில் அடியில் பி வருகிறது. அந்த ஸ்ட்ரிங்கில் முதல் ஃப்ரெட் (கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்) 1 கட்டை, 2-வது 1½, 3-வது 2, 4-வது 2½, 5-வது 3. அடுத்த ஃப்ரெட் 3½ அல்ல, நேராக 4. ஈக்கும் எஃப்புக்கும் நடுவே சுருதி இல்லை, அதனால் 3½ கட்டை என்று ஒன்றே கிடையாது. 7-வது 4½, 8-வது 5, 9-வது 5½, 10-வது 6, 11-வது 6½, 12-வது 7. ஒரு நாள் உட்கார்ந்து இதை வாயால் சொல்லிக்கொண்டே விரலை வையுங்கள். பிறகு திறந்த ஸ்ட்ரிங் தொடாமல் பாட்டை வாசித்துப் பழகினால், கட்டை மாறும்போது கை முழுதாக ஒரு ஃப்ரெட் நகரும், அவ்வளவுதான்.

கஷ்டமும் உண்டு. திறந்த பி-யின் அதிர்வு சுமார் 31 ஹெர்ட்ஸ். நான்கு ஸ்ட்ரிங்கின் ஈ 41. விலை குறைந்த பேஸ்களில் பி தொளதொளவென்று இருக்கும். கடையில் பி ஸ்ட்ரிங்கின் 3-வது ஃப்ரெட்டையும் ஈ ஸ்ட்ரிங்கின் 3-வது ஃப்ரெட்டையும் மாற்றி மாற்றி அழுத்தமாகத் தட்டிப் பாருங்கள். பி மட்டும் சுருதி விலகித் தொடங்கி அப்புறம் வந்து நின்றால் அந்தப் பேஸ் வேண்டாம். 34 அங்குல ஸ்கேலில் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) .130 அங்குலத் தடிமனுள்ள பி போதும். 35 அங்குலத்தில் இன்னும் இறுக்கமாக இருக்கும். வாசிக்காதபோது பி தானாக முனகும், ஆகவே வலது கட்டைவிரலைப் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) மேல் வைக்காமல் பி ஸ்ட்ரிங் மேலேயே படுக்க வையுங்கள்.

பணம் இப்போது இல்லையென்றால் ஈ ஸ்ட்ரிங்கை டி-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். 2, 2½ கட்டைப் பாட்டுகளுக்கு அது தாங்கும். ஜி இனி 3-வது ஃப்ரெட்டில் இல்லை, 5-வதில் இருக்கிறது என்பதை மட்டும் கை பழக வேண்டும்.

கேள்வி: கல்யாண மண்டபங்களில் என் பேஸ் கும்மென்று ஒரே முழக்கமாக இருக்கிறதாம். சவுண்ட்காரர் குறைத்துவிடுகிறார், பிறகு கேட்பதே இல்லை.
(வாசகர், கோயம்புத்தூர்)

ஈ ஸ்ட்ரிங்கின் ஒலி அலை 8 மீட்டருக்கு மேல் நீளமானது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், தாழ்ந்த கூரை உள்ள மண்டபத்தில் அது மோதித் திரும்பி, சில சுரங்களை மட்டும் ஊதிப் பெருக்கும். நீங்கள் வாசிப்பதில் ஜி மட்டும் இடிபோல விழுந்து, ஏ காணாமல் போகும். இதற்கு ஆம்பின் பேஸ் (கீழ் ஒலி) குமிழியைத் திருகி ஏற்றுவது நெருப்பில் எண்ணெய்.

ஆம்பைச் சுவர் மூலையிலிருந்து வெளியே இழுங்கள். மூலைதான் முழக்கத்தை அதிகம் கூட்டுகிற இடம். நாற்காலி மேல் தூக்கி வைத்தால் மேடைப் பலகை அதிர்வது குறையும், உங்கள் காதுக்கும் நேராகும். ஹை-பாஸ் ஃபில்டர் (குறித்த அளவுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) இருந்தால் 40 ஹெர்ட்ஸில் போடுங்கள். 150 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்து, 700–900 பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள். வீட்டில் தனியாகக் கேட்டால் அந்த ஒலி மூக்கடைத்த மாதிரி இருக்கும். தவிலும் பேடும் கீபோர்டும் சேர்ந்த பிறகு அதுதான் சுரமாகக் காதில் விழும். வலது கையைப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி, சுரத்தைச் சட்டென்று நிறுத்தி வாசியுங்கள்.

இன்னொன்று, இதைக் கேட்கவே பலர் கூச்சப்படுகிறார்கள். உங்கள் கீபோர்டுக்காரர் இடது கையில் பேஸ் வாசிக்கிறாரா? பேஸ் ஆள் இல்லாத காலத்துப் பழக்கம் அது. இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. ரிகர்சலில், "அண்ணே, நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கிற சி-யிலிருந்து கீழே எல்லாம் எனக்கு விட்டுடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். முக்கால்வாசிச் சிக்கல் அதிலேயே தீரும்.

கேள்வி: கடலோரம் வீடு. ஸ்ட்ரிங் மாதத்துக்குள் துரு. வெந்நீரில் கொதிக்க வைத்தால் புதிதாகும் என்கிறார்களே?
(வாசகர், தூத்துக்குடி)

அழுக்கு போகும், துரு போகாது. சுற்றுக்கம்பியின் இடுக்கில் சேர்ந்த வியர்வையும் தோல் அழுக்கும்தான் ஒலியை மழுக்குகின்றன. 10 நிமிடம் கொதித்தால் அவை கரையும், பளிச்சென்ற ஒலி சில நாட்களுக்குத் திரும்பும். எடுத்ததும் துணியால் துடைத்து, முனையிலுள்ள நூல் சுற்று உட்பட வெயிலில் முழுக்கக் காயவைக்காவிட்டால் நீங்களே துருவை வரவழைத்த கணக்கு. ஒரே செட்டை இரண்டு மூன்று தடவைக்கு மேல் கழற்றி மாட்டினால் சுருதி ஆணியில் வளைந்த இடத்தில் அறும். ஃப்ளாட்வவுண்டுக்கு (தட்டையான சுற்றுள்ள ஸ்ட்ரிங்) இந்த வைத்தியம் வேண்டாம்.

உங்கள் ஊருக்கு நிக்கல் பூச்சுள்ளதைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அல்லது மேலே பூச்சு கொடுத்த ஸ்ட்ரிங் நின்று பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியை ஸ்ட்ரிங்குக்கு அடியிலும் நுழைத்துத் துடையுங்கள். வியர்வை கீழ்ப்பக்கம்தான் தங்குகிறது. புது ஸ்ட்ரிங்கை வெட்டுமுன் வெட்டும் இடத்துக்கு உள்பக்கம் செங்குத்தாக மடக்குங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, புது ஸ்ட்ரிங்கே செத்த ஒலி தரும்.

கேள்வி: ஜாஸ் பேஸ் மாடல் வைத்திருக்கிறேன். இரண்டு வால்யூமும் முழுதாக இருந்தால் அமைதி, ஒன்றைக் குறைத்தால் இரைச்சல். பழுதா?
(வாசகர், திருச்சி)

பழுதில்லை. அதன் இரண்டு பிக்கப்பும் ஒற்றைச் சுருள். ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருப்பதால் இரண்டும் சமமாக இருக்கும்போது கரண்ட் இரைச்சல் கழிந்துவிடும். 1957-இல் ஃபெண்டர் பிரசிஷன் பேஸுக்கு இரண்டாகப் பிளந்த பிக்கப் வந்தபோது அதே தந்திரம் ஒரே பிக்கப்புக்குள் அடங்கியது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் அந்தச் சமநிலை உங்கள் கையில் இருக்கிறது. எல்இடி சுவர், டிம்மர் லைட் உள்ள மேடையில் இரண்டையும் முழுதாக வையுங்கள். ஒரு பிக்கப் ஒலியே வேண்டுமென்றால் அதே அளவில் இரைச்சல் நீக்கும் பிக்கப் கிடைக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: 4 ஓம் வரை தாங்கும் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்). ஒரு 8 ஓம் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) இருக்கிறது. நண்பர் 4 ஓம் கேபினட் தருகிறார். சேர்த்து மாட்டலாமா?
(வாசகர், சேலம்)

கூடாது. இரண்டும் இணையாகச் சேரும்போது 8 × 4 = 32, அதை 12-ஆல் வகுத்தால் 2.7 ஓம், ஹெட் தாங்கும் அளவுக்குக் கீழே. சூடேறி, பாதுகாப்பு சர்க்யூட் இருந்தால் அது ஹெட்டை நிறுத்திவிடும், அது இல்லாத ஹெட் எரியும். இன்னொரு 8 ஓம் கேபினட் கிடைத்தால் சரியாக 4 வரும். ஹெட்டிலிருந்து கேபினட்டுக்குக் கிடார் கேபிளைப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய ஒயர் அந்தக் கரண்டுக்கு ஆனதல்ல. ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும்.

கேள்வி: என் ஆக்டிவ் பேஸ் மூன்றாவது பாட்டில் கரகரத்து, ஐந்தாவது பாட்டில் ஊமையாகிவிட்டது.
(வாசகர், விழுப்புரம்)

ஆக்டிவ் பேஸின் உள்ளே இருக்கும் ஒலிச் சர்க்யூட்டை ஓட்டும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. ஆக்டிவ் பேஸில் பெரும்பாலும் கேபிளைச் சொருகுவதே சுவிட்ச். முந்தின வாரம் ரிகர்சல் முடிந்து கேபிளைப் பிடுங்காமல் வைத்திருந்தால் இரவெல்லாம் ஓடியிருக்கும். மீட்டரில் 8 வோல்ட்டுக்குக் கீழே வந்த பேட்டரியை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் பேஸில் ஆக்டிவ்-பாசிவ் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாசிவுக்குத் தள்ளிப் பாட்டை முடிக்கலாம். இல்லையென்றால் புது பேட்டரியும், பின்பக்க மூடிக்கான ஸ்குரூ டிரைவரும் ஸ்ட்ராப்போடு ஒரே பையில் இருக்கட்டும்.