‘பேண்டமோனியம்’: பேய்கள் கூச்சல் போடவில்லை

கேள்வி: சபையில் கூச்சல் குழப்பம் என்றால் ஆங்கிலப் பத்திரிகைகள் ‘பேண்டமோனியம்’ என்று எழுதுகின்றன. இது ஒரு கவிஞர் உருவாக்கிய சொல்லாமே?

பதில்: ஆமாம், ஜான் மில்டனின் கைவேலை. 1667-இல் வெளிவந்த ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் முதல் காண்டத்தில் வருகிறது. கிரேக்கத்தில் ‘பான்’ என்றால் எல்லாம். ‘டைமோன்’ என்றால் நல்லது கெட்டது இரண்டுக்கும் பொதுவான ஆவி. கிறிஸ்தவ வழக்கில்தான் அது பேய் என்று சுருங்கியது. இவற்றோடு ஒரு லத்தீன் விகுதியைச் சேர்த்தார் மில்டன். எல்லாத் தெய்வங்களுக்குமான ‘பாந்தியன்’ கோயிலுக்கு எதிர்ப்பாட்டு போல ஒலிக்கிறது. அவருக்கு இது நரகத்தில் சாத்தானின் தலைநகரான மாளிகைக்கு இட்ட பெயர்.

கேள்வி: அப்படியானால் அந்த மாளிகையில் ஒரே கூச்சலா?

பதில்: அதுதான் வேடிக்கை, இல்லவே இல்லை! கடவுளோடு போரிட்டுத் தோற்று நரகத்தில் தள்ளப்பட்ட பேய்கள், தங்களில் ஒருவனான மாம்மன் தலைமையில் மலையைத் தோண்டிப் பொன் எடுக்கின்றன. இனிய இசை ஒலிக்க, மாளிகை ஆவிபோல் தரையிலிருந்து எழுகிறது. கூட்டம் கொள்ளாததால், மலைபோல் நின்ற பேய்கள் குள்ளர்களைவிடச் சிறிதாகச் சுருங்கி உள்ளே அடைகின்றன. பெருந்தலைகள் மட்டும் தங்கள் உருவத்தோடேயே உள்ளே தனியாக அமர்கின்றன (அதிகாரம் எங்கும் அப்படித்தான்). சிறிது மௌனம், அழைப்பாணை வாசிப்பு, அதன்பின் ஆலோசனை.

இரண்டாம் காண்டத்தில் பேய்த் தலைவர்கள் பேசுகிறார்கள். மோலோக் மீண்டும் போர் என்கிறான். பெலியால் சும்மா இருப்போம் என்கிறான். மாம்மன் இங்கேயே ஓர் அரசு கட்டலாம் என்கிறான். பீல்செபூப் மனிதர்களுக்கான புதிய உலகைக் குறிவைக்கும் திட்டத்தைச் சொல்ல, அது வாக்கெடுப்பில் நிறைவேறுகிறது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடுவதில்லை. பேய்கள்கூட ஒற்றுமையாக இருக்கின்றன, மனிதர்கள்தான் அடித்துக்கொள்கிறார்கள் என்று மில்டனே அங்கே நொந்துகொள்கிறார். பத்தாம் காண்டத்தில் எல்லாரும் பாம்பாகிச் சீறும்போதுதான் அந்த மண்டபத்தில் உண்மையான இரைச்சல்.

பிற்காலத்தார் இதைப் பொதுவாக நரகத்துக்கும், பிறகு அக்கிரமம் மலிந்த இடத்துக்கும் சொன்னார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இடம் நழுவிப்போய் இரைச்சல் மட்டும் நின்றது.

கேள்வி: ‘பேண்டமிக்’ (பெருந்தொற்று) இதன் உறவா?

பதில்: ‘பான்’ மட்டும் பொது. அதில் இருப்பது ‘டெமோஸ்’, அதாவது மக்கள்.

கேள்வி: தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: செய்தி என்றால் ‘அமளி’ போதும், தெருவில் நடந்தால் ‘களேபரம்’. மில்டனை மொழிபெயர்க்கும்போது இரண்டும் உதவாது. ஆலோசனைக் காட்சி முழுவதும் தலைகீழாகிவிடும். பெயரை அப்படியே வைக்கலாம். தமிழில்தான் வேண்டுமென்றால் ‘பேய்க்கோட்டம்’ என்பேன். ‘வேற்கோட்டம்’, ‘வச்சிரக் கோட்டம்’ என்று சிலப்பதிகாரத்தில் கோட்டம் கோயிலைக் குறிப்பதால், பாந்தியனைச் சீண்டும் கிண்டலும் ஓரளவு தங்கும்.